ஒன்பதாவது டம்ளர்

1

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் அபிநயா. தம்பி முருகேசன். அவன் மனைவி சித்ரா, ஏழு மாதம். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. அவருடைய வீட்டுக்காரர். கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கும் ரெங்கசாமி. சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா என்று கேட்பதற்காக அவர் கூட்டிவந்த மகன். ஆக மொத்தம் ஒன்பது பேர்.

மூன்று வருடம் கழித்து இவ்வளவு சரியாக எழுதுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் எட்டுப் பேர் என்று சொன்னேன்.

2

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. கட்டுமான வேலை. இப்போது சாரம் கட்டும் சாமான்கள் வைக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் டார்மிட்டரியில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு கட்டில். காலை ஐந்தரைக்கு லாரி. சைட்டில் வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, இன்றைக்கு எங்கே ஆபத்து, யார் எங்கே ஏறக் கூடாது என்று சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழில் சொல்கிறவன் நான். தமிழ் நன்றாகத் தெரியும் என்பதால் இல்லை. பழைய ஆள் என்பதால்.

போன வாரம் சேஃப்டி ஆபீசரம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் டார்மிட்டரியில் இரண்டாவது மாடியில் ஒருவருக்குச் சின்னம்மை. தாளில் தமிழில் மூன்று வரி இருந்தது. "தொற்று உறுதிசெய்யப்பட்டவருடன் நெருங்கிய தொடர்பில் இருந்தோர் தங்கள் முந்தைய நோய் வரலாற்றை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது முதல் வரி.

வாசித்து முடித்தேன். நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணமேல்குடிப் பக்கத்துப் பையன் பாண்டி கையைத் தூக்கினான்.

"அண்ணே, வாசிச்சீங்க. சரி. இப்ப தமிழ்ல சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வரியைத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் அறைக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள்.

3

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. விமானம் ஏறினால் கவலை, இறங்கினால் கவலை. காஸ் அடுப்பை அணைத்தார்களா என்று இங்கிருந்து ஊருக்குப் போன் செய்கிறவன். "ஒங்கப்பாவுக்குக் கவலைப்படுறதுக்குத்தான் சம்பளம்" என்று செல்வி மகளிடம் சொல்வாள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்துக்கு வேண்டுமென்றே கவலைப்படாமல் இருந்தேன்.

ஊருக்குக் கிளம்பப் பதினோரு நாள் இருந்தபோது, எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்த அறந்தாங்கிக்காரருக்கு முகத்தில் கொப்புளம் வந்தது. அவரைத் தனியாகக் கொண்டுபோனார்கள். மிச்சம் பதினொரு பேரையும் கிளினிக்கில் உட்காரவைத்து ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்களுக்கு முன்பு சின்னம்மை வந்ததுண்டா? ஆம், இல்லை. இரண்டு கட்டம். ஆம் என்றால் வேலைக்குப் போகலாம், ஊருக்குப் போகலாம். இல்லை என்றால் மூன்று வாரம் எங்கேயும் போகக் கூடாது.

நான் ஆம் என்று குறியிட்டேன். பொய் என்று நினைத்துப் போடவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. வீட்டு வாசலில் வேப்பிலை. அம்மா பித்தளை அண்டாவில் தண்ணீரை வெயிலில் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு என் தலையில் ஊற்றியது. கண்ணில் மஞ்சள் தண்ணீர் இறங்கி எரிந்தது. இத்தனை ஞாபகம் இருக்கும்போது எப்படி இல்லை என்று போடுவது?

ஆனால் அன்றைக்கே ஒரு சந்தேகமும் வந்தது. கொப்புளம் ஞாபகமில்லையே, அரிப்பு ஞாபகமில்லையே என்று. முருகேசனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவன் "இல்லை" என்று சொல்லிவிட்டால் டிக்கெட் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவு.

4

சனிக்கிழமை காலை திருச்சியில் இறங்கினேன். சாயங்காலம் பெட்டி பிரித்தேன். எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் பெட்டி பிரிப்பது ஒரு தனி விசேஷம். யாரையும் கூப்பிட வேண்டாம், வருவார்கள். சோப்பு, தைலம், சாக்லேட் என்று ஆளுக்கு ஒன்று. ரெங்கசாமி தைலத்தை அங்கேயே திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டு, "தலைவலி இல்லை, இருந்தாலும் வரும்ல" என்றார்.

சித்ராவுக்கு வளைகாப்பு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திருமயத்தில் இருக்கும் தாய் வீட்டுக்கு அப்போதே போயிருக்க வேண்டியவள். "மாமா வந்துரட்டும், பாத்துட்டுப் போறேன்" என்று எனக்காக இருந்தாள். குழந்தைக்கு வாங்கிவந்த துண்டையும் எண்ணெயையும் அவள் கையில்தான் முதலில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவள் அப்பா காரில் வந்து கூட்டிப்போனார்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு நெஞ்சில் நான்கு கொப்புளம். மத்தியானத்துக்குள் முதுகெல்லாம்.

செல்வி பார்த்தாள். பின்பக்கத்து வேம்பில் இரண்டு கொப்பை ஒடித்து வாசல் நிலையில் செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். என்னைப் பின்னறையில் வேப்பிலை பரப்பிய பாயில் படுக்கச் சொன்னாள். வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

முருகேசன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"ஒனக்கு எப்புடிண்ணே வந்துச்சு?"

"எனக்குச் சின்ன வயசுலயே வந்துருச்சேடா. மஞ்சத்தண்ணி ஊத்துனாங்களே."

"அது எனக்குண்ணே. எனக்குத்தான் ஆத்தா வந்துச்சு. தண்ணி ஊத்துற அன்னைக்கு ஒனக்கும் சேத்து ஊத்துனாக. வீட்டுல இருக்க அம்புட்டுப் பேருக்கும் ஊத்துவாகள்ல?"

ஆமாம். வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஊற்றுவார்கள். எங்கள் ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் தெரியும். அந்தப் படிவத்தின் முன்னால் எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

5

செவ்வாய்க்கிழமை நர்சம்மா வந்தார். எங்கள் ஊருக்கும் சுற்றுப்பட்ட நான்கு ஊருக்கும் அவர்தான் சுகாதார நர்ஸ். தெருவில் வண்டியில் போனவர் வேப்பிலையைப் பார்த்துவிட்டு இறங்கினார். கொப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் வாடலையே. நேத்துக் கட்டுனதா?"

"ஆமா நர்சம்மா. ஆத்தா வந்திருக்கா" என்றாள் செல்வி.

"வரட்டும். வந்தவளை நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அவ வர்றது நமக்குத் தெரியுறதுக்கு ரெண்டு நாள் முந்தியே வீட்டுக்குள்ள வந்துருவா. அந்த ரெண்டு நாள்ல இங்க வந்து போனவுக யாரு யாருன்னு மட்டும் சொல்லுங்க. வேப்பிலை இனிமே வர்றவுகளுக்குச் சொல்லிரும். வந்துட்டுப் போனவுகளுக்கு யாரு சொல்றது?"

இத்தனை வருடத்தில் நான் பார்த்த எந்த நோட்டீஸிலும் இப்படி ஒரு வரி இல்லை. பாயில் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்தேன்.

பின்னறை ஜன்னலுக்கு வெளியே நின்று நோட்டைத் திறந்தார். என்னையும் சேர்த்து அன்று இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னேன். சித்ராவின் பெயர் வருவதற்கு முன்னால் முருகேசன் தொண்டையைச் செருமினான்.

"மாசமா இருக்கவுக, கைப்பிள்ளைக்காரவுக யாராச்சும் இருந்தாகளா? மாசமா இருக்கவுகளுக்கு இது நெஞ்சுக்குள்ள எறங்குனா மூச்சுக்கே கஷ்டமாயிரும். அதான் கேக்குறேன்." நர்சம்மா பக்கத்தைப் புரட்டினார். "சித்ரா எங்க நோட்டுல இருக்காளே. எப்ப திருமயம் போனா?"

"வெள்ளிக்கிழமையே போயிட்டாங்க. அண்ணன் வாரதுக்கு முதநாளு" என்றான் முருகேசன்.

நர்சம்மா என்னைப் பார்த்தார். "அப்படியாண்ணே?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் எட்டு என்று எழுதி அடியில் கோடு போட்டார். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பார்க்கப் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனார்.

அவர் போனதும் முருகேசன் ஜன்னலுக்கு வந்தான். "அவ பயந்தாங்கொள்ளிண்ணே. சும்மா சொன்னாலே மயங்கி விழுவா. வளைகாப்புல பலகாரம் பத்தலைன்னு ஏற்கெனவே அவுக வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக. இதுல அம்மையைக் குடுத்து அனுப்பிட்டோம்னு வேற ஆகணுமா? ஒண்ணும் ஆகாது. நம்ம வீட்டு வேப்பிலை நம்ம வாசலோட இருக்கட்டும்."

அவன்மேல் மட்டும் பழி போடமாட்டேன். அவன் பொய் சொன்னான், நான் தலையாட்டினேன். திருமயத்தில் அவள் அப்பா வந்து "தெரிஞ்சா வந்தாரு உங்க அண்ணன்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அன்று முழுக்க என் கவலையாக இருந்தது. அவளைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான் வந்தது.

6

மகளோடு எனக்கு அப்போது பேச்சு ரொம்பக் குறைவு. நான் இங்கே வரும்போது அவள் பிறக்கவே இல்லை. ஒவ்வொரு லீவுக்கும் வேறொரு பிள்ளையாக இருப்பாள். போனில் "சாப்டியாம்மா?" என்றால் "ம்" என்பாள். பரீட்சை எப்படி என்றால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அவ்வளவுதான் எங்கள் உறவு.

புதன்கிழமை காலையில் அவள்தான் கஞ்சி கொண்டுவந்தாள். நான் பதறினேன்.

"நீ எதுக்கும்மா வாரே? ஒட்டிக்கும். அம்மாவ வரச் சொல்லு."

"எனக்கு மூணாங்கிளாஸ்லயே வந்துருச்சுப்பா."

"எப்ப? எனக்குத் தெரியாதே?"

"ஒங்ககிட்ட சொல்லலை. கவலைப்படுவீங்கன்னு அம்மா சொல்ல வேணாம்னுச்சு."

பதினோரு நாள் அவள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அந்தப் பதினோரு நாளும் நான் போன் செய்திருப்பேன். "பாப்பா வெளாடப் போயிருக்கு" என்று செல்வி சொல்லியிருப்பாள். நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவள் போகாமல் கதவருகிலேயே நின்றாள்.

"அப்பா, நர்சம்மாகிட்ட எட்டுப் பேர்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"அன்னைக்கு டம்ளர் கழுவுனது நான்தான். ஒம்போது டம்ளர். எட்டுல காப்பிக் கறை. ஒண்ணுல பாலாடை. பால் குடிச்சது யாருப்பா?"

வீட்டில் பால் குடித்தது யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"சித்தப்பா சொல்ல வேணாம்னாரா? நீங்க பயப்படுவீங்க, ஒங்ககிட்ட எதையும் சொல்ல வேணாம்னு எங்ககிட்டேயும் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. சித்திக்கு நாலு நாளாச்சு. போன் அங்கிட்டு ஜன்னல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். என் மகள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

7

போனை எடுத்தபின்னும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொன்னால் அவர்கள் வீட்டிலும் வேப்பிலையைக் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்று அவளை உள்ளேயே வைத்துவிடுவார்கள். சேஃப்டி ஆபீசரம்மா தாளில் இருப்பதுபோலச் சொன்னால் ஒன்றும் விளங்காது. பயப்படாதே என்று தொடங்கினால் பயந்துவிடுவாள். கடைசியில், நர்சம்மா சொன்னதை அப்படியே சொல்வது என்று முடிவு செய்தேன்.

"சித்ரா, மாமா பேசுறேன். ஒக்காந்துக்கம்மா."

"சொல்லுங்க மாமா. ஒடம்புக்கு என்ன, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"எனக்கு அம்மை போட்டிருக்கு. திங்கக்கிழமை தெரிஞ்சுச்சு. ஆனா சனிக்கிழமையே எம்மேல இருந்திருக்கு. நீ எம்பக்கத்துலதான் ஒக்காந்திருந்தே. சின்ன வயசுல ஒனக்கு வந்திருக்கான்னு ஒங்க அம்மாகிட்ட கேளு. மஞ்சத்தண்ணி ஊத்துனது இல்லை, கொப்புளம் வந்துச்சான்னு கேளு."

அவள் கேட்டாள். தூரத்தில் அவள் அம்மாவின் குரல்: "ஒனக்கு வரலடி. ஒங்க அண்ணனுக்குத்தான்."

"அப்ப இன்னைக்கே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிரும்மா. சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மணி நேரம், ஒரே ரூம்புல, ஏழு மாசம். இந்த நாலையும் டாக்டர்கிட்ட சொல்லு. நாளைக்குன்னு வைக்காத. ஒண்ணும் ஆகாதுன்னு யாரு சொன்னாலும், நான் சொன்னாக்கூட, கேக்காத."

அவள் என்னைக் கேட்டாள்.

"அங்க ரூம்புல யாருக்காச்சும் இருந்துச்சா மாமா?"

"பக்கத்துக் கட்டில்காரருக்கு இருந்துச்சு."

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

"எனக்கு முன்னாடியே வந்துருச்சுன்னு நெனச்சேன். சந்தேகம் இருந்துச்சு. கேட்டுத் தெரிஞ்சுக்கலை."

போன் கை மாறியது. அவள் அம்மா. எனக்கு அத்தை முறை.

"ஏங்க பெரிய மாப்ள, சோப்பு கொண்டாந்தீங்க, தைலம் கொண்டாந்தீங்க, சந்தோசம். இதையும் பொட்டியில வச்சு எங்க புள்ளைக்குன்னு கொண்டாந்தீகளாக்கும்?"

"தப்புத்தான் அத்தை. திட்டுறதைக் கார்ல போகையில திட்டுங்க. மொதல்ல கெளம்புங்க."

கிளம்பினார்கள். நர்சம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். அவர் திட்டவில்லை. "எட்டை ஒம்போதாத் திருத்திக்கிறேன்" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம். முருகேசன் சட்டையைப் போட்டுக்கொண்டு திருமயம் பஸ் ஏறினான்.

8

சித்ராவுக்கு அன்றைக்கே ஊசி போட்டார்கள். அதையும் மீறி, இரண்டு வாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் கொப்புளம் வந்தது. வரும் என்று எதிர்பார்த்தே இருந்ததால் முதல் கொப்புளத்திலேயே மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் இருந்தாள். அதில் இரண்டு நாள் மூச்சுக்குச் சிரமப்பட்டாள். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. உடம்பு ஆறி, லீவு முடிந்து நான் திரும்பி வந்திருந்தேன். சாரக் குழாய்களை எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒரு தடவைகூடக் கணக்குச் சரியாக வரவில்லை. தெரிந்தவுடன் வந்ததால் இரண்டு உயிரும் பிழைத்தன என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி சொன்னான். பிறகு பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக இருக்கிறது. யாழினி என்று பெயர்.

அத்தைதான் ஒருநாள் போன் செய்தார். "ஆத்தா மேல இருக்கும்போதே ஊசி போட்டிருக்கு, குளுக்கோஸ் ஏத்தியிருக்கு. வேற வழி இல்லை, ஆத்தாவுக்கும் தெரியும். இருந்தாலும் மன்னிப்புக் கேக்கணும்ல? நீங்க நூத்தியொண்ணு மஞ்சத்துணியில முடிஞ்சு வைங்க. போன்ல அனுப்புறது, ஆள்கிட்ட குடுத்தனுப்புறது எல்லாம் ஆகாது. ஒங்க கையால எங்க ஊரு மாரியம்மா உண்டியல்ல போடணும்."

முடிந்து வைத்தேன்.

தம்பி குடும்பம் இப்போது திருமயத்திலேயே இருக்கிறது. மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். என்னிடம் போனில் பேசுவான். சித்ரா பேசுவதில்லை. "அவ சமையக்கட்டுல இருக்காண்ணே" என்பான். எப்போது கேட்டாலும் சமையல்கட்டில்தான் இருப்பாள்.

9

பாண்டி கேட்டான் அல்லவா, தமிழில் சொல்லுங்கள் என்று. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ரெண்டாவது மாடியில ஒருத்தருக்கு அம்மை போட்டிருக்கு. அவரோட ஒரே ரூம்புல படுத்தவுக, ஒக்காந்து சாப்பிட்டவுக, சீட்டு வெளாண்டவுக, எண்ணிச் சொல்லுங்க. ஆளு ஞாபகம் வரலைன்னா தட்டை எண்ணுங்க, டம்ளரை எண்ணுங்க. அப்புறம் ஒரு ஃபாரம் குடுப்பாக. முன்னாடி வந்திருக்கான்னு கேப்பாக. மஞ்சத்தண்ணி ஊத்துனது ஞாபகம் இருக்குன்னு ஆமான்னு போட்டுறாதீங்க. அது வீட்டுல எல்லாருக்கும் ஊத்துறது. ஊருக்குப் போன் போட்டு, கொப்புளம் யாருக்கு வந்துச்சுன்னு கேட்டுட்டுப் போடுங்க. லீவு போயிரும், டிக்கெட் போயிரும்னு பாக்காதீங்க. டிக்கெட் மறுபடி வாங்கலாம்."

சேஃப்டி ஆபீசரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வரிக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்டார். தமிழில் கொஞ்சம் நீளமாக வரும் மேடம் என்றேன்.

பாண்டிக்கு அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட். தங்கை கல்யாணம். அவன் அந்த இரண்டாவது மாடி ஆளோடு தினமும் சாப்பிடுகிறவன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஸ்டோருக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அம்மாட்ட கேட்டேண்ணே. எனக்கு இல்லையாம். எங்க அக்காவுக்காம். ஆமான்னு போட்டுட்டேன், போயி அழிக்கணுமா?"

"வீட்டுல மாசமா யாரும் இருக்காகளா?"

"மாசமா யாருமில்லை. அக்கா மக கைப்பிள்ளையா இருக்கு. ஆறு மாசம்."

அவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். "நீங்க ஏன்ணே நேத்து அவ்வளவு நீளமாப் பேசினீங்க" என்று திட்டினான். பிறகு கிளினிக்குக்குப் போனான். கல்யாணத்தைப் போனில்தான் பார்க்கப்போகிறான்.

10

போன வருட லீவில் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு திருமயம் போனேன். பஸ்ஸில் ஏறும்போதே மூக்கு ஒழுகியது. கோட்டை தெரிகிற இடம் வந்தபோது மூன்று தும்மல். யாழினிக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றுகொண்டு அத்தைக்குப் போன் செய்தேன்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு அத்தை. பிள்ளை இருக்க வீடு. நான் இப்படியே திரும்புறேன்."

"தும்மலுக்கா திரும்புறீக?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "சரி. இந்தத் தடவையாச்சும் வாசப்படி மிதிக்கிறதுக்கு முந்தி சொன்னீகளே."

போன் கை மாறியது.

"எத்தனை நாளா சளி?" சித்ராவின் குரல். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"இன்னைக்குக் காலையில இருந்துதாம்மா. காய்ச்சல் இல்லை."

"சரி. நல்லானதுக்கப்புறம் வாங்க மாமா."

லீவில் இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. சளி விடவில்லை. மஞ்சள் துணியை மறுபடி பெட்டியில் வைத்து இங்கேயே கொண்டுவந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அடுத்த லீவுக்கு ஏழு மாதம். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அறையில் யார் இருமுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

திருமயம் மாரியம்மனுக்கு என் பாக்கி: நூற்றியோரு ரூபாய்.